மலையடிவாரத்து உடல்நல வரலாறு – 14: குடும்பத்தில் ஓடும் கொதிப்பு

வத்திராயிருப்பு வட்டாரத்தின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காலை நேரத்தில் நடப்பது இதுதான். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறார்கள். முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் காற்றை மெல்ல இறக்குகிறார்கள். முதல் சத்தம் கேட்கும் அளவும் சத்தம் அடங்கும் அளவும் சீட்டில் ஏறுகின்றன. 160-க்கு 100 என்று வந்துவிட்டால் அடுத்து வரும் கேள்வி, “வீட்ல வேற யாருக்காச்சும் பிரஷர் இருக்காம்மா?” என்பதுதான். பதிலும் பெரும்பாலும் தயாராக இருக்கும்: அம்மாவுக்கு இருந்தது, பெரியண்ணனுக்கு இருக்கிறது, சித்தப்பா பக்கவாதத்தில் போனார். 1896-இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி அந்தப் பட்டையை உருவாக்கியதையும், 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் அந்தச் சத்தங்களின் பொருளைக் கண்டதையும் முன்பே பார்த்தோம். இந்தப் பகுதி செவிலியர் கேட்கும் அந்தக் கேள்வியின் வரலாறு. குடும்பத்தில் ஓடுவது எது? தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது ஒரு நோயா, ஒரு மரபணுவா, வேறு ஏதாவதா? எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ச்சி உலகம் இதில் முட்டி மோதியிருக்கிறது. கிடைத்த விடை, கொதிப்பு பரம்பரை என்று கையை விரித்துவிடுகிற குடும்பங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. ஆயிரக்கணக்கான மரபணுக்கள் பின்னிய ஒரு வலை உடலுக்குள் இருக்கிறது. அது எந்த மட்டத்தில் நிலைகொள்கிறது என்பதே பரம்பரையாக வருகிறது. வலையாக இருப்பதாலேயே அதைப் பல முனைகளில் பிடித்து இறக்கவும் முடிகிறது.

கேள்வியைக் கூர்மையாக முதலில் எழுப்பியவர்கள் இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள். மான்செஸ்டரின் ராபர்ட் பிளாட் 1947-இல் தம் நோயாளிகளின் குடும்பங்களை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். காரணம் தெரியாத உயர் ரத்த அழுத்தம் ஒரு தனி நோய். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டதுபோல ஒற்றை மரபணு வழியாகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது. இருப்பவருக்கு இருக்கும், இல்லாதவருக்கு இல்லை. கடுமையான கொதிப்பு உள்ளவர்களின் நடுவயது உடன்பிறந்தோரை அளந்து வரைந்தால் வரைபடத்தில் இரண்டு மேடுகள் தெரிகின்றன என்று அவர் காட்டினார். லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையின் ஜார்ஜ் பிக்கரிங் இதை ஏற்கவில்லை. அவரும் கூட்டாளிகளும் 1954-இல் வெளியிட்ட அளவீடுகளில் மேடு ஒன்றுதான் இருந்தது. நோயாளிகளின் உறவினர்களுக்குச் சராசரி சற்று ஏறியிருந்தது, அவ்வளவே. சாதாரண அழுத்தத்துக்கும் உயர் அழுத்தத்துக்கும் இடையில் இயற்கை கோடு எதையும் கிழிக்கவில்லை, 140 என்றும் 90 என்றும் கோடு போடுவது நாமே என்றார் பிக்கரிங். நோய் என்றால் இருக்கும் அல்லது இருக்காது என்று பயின்று வந்த அன்றைய மருத்துவ உலகத்துக்கு, அளவிலேயே நோய் இருக்கிறது என்பது செரிக்கவில்லை. 1960-களின் தொடக்கம் வரை மருத்துவ இதழ்களில் இருவரும் விடாமல் வாதிட்டார்கள்.

வென்றவர் பிக்கரிங். அவர் வாதத்துக்கான கணிதம் 1918-லேயே தயாராக இருந்தது. சிறுசிறு விளைவுள்ள பல மரபணுக்கள் சேர்ந்தால், உயரம்போல, இடைவெளியில்லாமல் ஏறியிறங்கும் ஒரு பண்பு உருவாகும் என்று ஆர். ஏ. ஃபிஷர் அப்போதே நிறுவியிருந்தார். இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துப் பின்னால் நடந்த ஆய்வுகள், மனிதர்களிடையே ரத்த அழுத்தம் வேறுபடுவதில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் மரபு சார்ந்தது என்றன. இந்த எண்ணை ஒரு தனி மனிதர்மேல் ஏற்றக் கூடாது. ஒருவரது 160-இல் பாதி அம்மா கொடுத்தது, மீதி ஊறுகாய் கொடுத்தது என்று பிரிக்க வழியே இல்லை. ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தின் பங்கீடு அது. கூட்டத்தின் சூழல் மாறினால் அந்தப் பங்கும் மாறும். நம் பத்திரிகைகளில் இந்தச் சதவீதம் எழுதப்படும்போதெல்லாம் இந்த இடம்தான் சறுக்குகிறது.

மரபணுக்கள் பலவென்றால் அவை எதன்மேல் வேலை செய்கின்றன? 1898-இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் இருவரும் முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலுக்குச் செலுத்தி அழுத்தம் ஏறுவதைக் கண்டு, அதிலிருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். 1934-இல் அமெரிக்காவின் ஹாரி கோல்ட்பிளாட் நாயின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் இறுக்கி நிலையான கொதிப்பை உண்டாக்கினார். அழுத்தக் கதையின் நடுவில் சிறுநீரகம் வந்து உட்கார்ந்தது அப்போதுதான். ஆனால் இதயம், மூளை, ரத்தக் குழாய், அட்ரினல் சுரப்பி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. அவற்றையெல்லாம் கோடுகளாலும் கட்டங்களாலும் இணைத்து, 1972-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ஆர்தர் குய்ட்டன் ஒரு படம் வரைந்தார். நூற்றுக்கணக்கான கட்டங்கள், ஒவ்வொன்றும் மற்றவற்றை இழுக்கும், தள்ளும். முதல் பார்வைக்கு மின்வாரிய வரைபடம் என்று தோன்றும் அந்தப் படத்திலிருந்து அவர் வடித்தெடுத்த கருத்தை, பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பிப் பயிர் செய்யும் இந்த வட்டாரத்து விவசாயியிடம் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். கண்மாய்க்கு வரத்துக் கூடினால் மட்டம் ஏறும்; ஆனால் கலுங்கு எட்டியதும் மறுகால் பாய்ந்து பழைய மட்டத்துக்கே வந்து நிற்கும். மட்டம் நிரந்தரமாக உயர வேண்டுமென்றால் கலுங்கையே உயர்த்திக் கட்டியிருக்க வேண்டும். உடலின் கலுங்கு சிறுநீரகம். அழுத்தம் ஏறினால் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றி இறக்கிவிடுவது அதன் வேலை. நிலையான கொதிப்பு என்றால், சிறுநீரகம் உயர்ந்த அழுத்தத்தில்தான் உப்பை வெளியேற்றும்படி ஆகிவிட்டது என்று பொருள். குய்ட்டனோடு மாறுபட்டு, நரம்புகளும் ரத்தக் குழாய்ச் சுவரும்தான் முதல் காரணம் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் சான்றுகளும் வலுவானவை. இரு தரப்புக்கும் பொதுவான தரை ஒன்று உண்டு: தனியாக நின்று அழுத்தத்தைத் தீர்மானிக்கும் உறுப்பு எதுவுமில்லை.

இந்த வலையை மனித உடலில் ஒரு முனையில் பிடித்து அசைத்துக் காட்டியதில் இந்தியாவுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அது போதிய அளவு பேசப்படுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் சர்ப்பகந்தியின் வேரை நாட்டு வைத்தியத்தில் மனக்கலக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் காலங்காலமாகக் கொடுத்தார்கள். 1931-இல் சென், போஸ் என்ற இரு வங்க மருத்துவர்கள் அது ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று எழுதினார்கள். பம்பாய் இதயநோய் மருத்துவர் ரஸ்தம் ஜால் வகீல் 50 நோயாளிகளிடம் அதை முறைப்படி சோதித்து 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்ட பிறகே மேலை உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. 1957-இல் வகீலுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. ரெசர்பின், நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் நார்அட்ரினலினைக் காலி செய்கிறது. குழாய்கள் தளர்கின்றன, அழுத்தம் இறங்குகிறது. ஆனால் அதே மருந்து மூளையிலும் அதே சேமிப்பைக் காலி செய்கிறது; எடுத்துக்கொண்ட சிலரிடம் ஆழ்ந்த மனச்சோர்வு காணப்பட்டதாக மருத்துவர்கள் எழுதினார்கள். மனச்சோர்வுக்கு வேதிக் காரணம் தேடும் ஆராய்ச்சிக்கு அது ஒரு தொடக்கமும் ஆனது. கொதிப்புக்குக் கொடுத்த வேர் மனநல மருத்துவத்தின் பாதையை மாற்றியது தற்செயல் அல்ல. இரண்டிலும் பொதுவான சில மூலக்கூறுகளும் மரபணுக்களும் வேலை செய்கின்றன. அழுத்தத்துக்கென்று ஒதுக்கிவைத்த மரபணு உடலில் இல்லை. பல வேலை பார்க்கும் மரபணுக்களுக்கு அழுத்தமும் ஒரு வேலை. சதுரகிரிக்குத் தாணிப்பாறை வழியாக ஏறுகிறவர்களில் மூலிகை தேடிப் போகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சர்ப்பகந்தி வேரைத் தாமாக அரைத்துக் குடிப்பது ஆபத்து. வகீல் செய்தது அளவோடு, அளந்து அளந்து செய்த சோதனை.

அடுத்த சான்று எலிகளிடமிருந்து வந்தது. நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வகத்தில் லூயிஸ் டால் எலிகளுக்கு உப்பு மிகுந்த தீனி போட்டார். சிலவற்றுக்கு அழுத்தம் எகிறியது, சிலவற்றுக்கு அசையவே இல்லை. எகிறியவற்றைத் தமக்குள்ளும் அசையாதவற்றைத் தமக்குள்ளும் இணைத்து வளர்த்தபோது, மூன்றே தலைமுறையில் இரண்டு இனங்கள் தெளிவாகப் பிரிந்துவிட்டன. இதை அவர் 1962-இல் வெளியிட்டார். பின்னாளில் இரு இனங்களுக்கும் சிறுநீரகங்களை மாற்றிப் பொருத்தியபோது அழுத்தம் சிறுநீரகத்தோடு கூடவே போனது. உப்புக்கு எகிறும் எலியின் சிறுநீரகம், அசையாத எலிக்குள்ளும் அழுத்தத்தை ஏற்றியது. இந்தச் சோதனையில் நான் மிகவும் மதிக்கும் இடம் வேறு. உப்பு குறைந்த தீனியில் இரு இனங்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. மரபு அப்படியே இருந்தது. அதைப் பேச வைத்தது உப்பு. மரபா வாழ்க்கை முறையா என்று இரண்டில் ஒன்றைக் கேட்கும் கேள்வியே பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பிறகு வந்ததாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். சில குடும்பங்களில் இளம் வயதிலேயே, பாதிப் பேருக்கு, கடுமையான கொதிப்பு வருகிறதே. அங்கே பிளாட் சொன்ன ஒற்றை மரபணுதானே தெரிகிறது? உண்மைதான், அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. 1963-இல் கிராண்ட் லிடில் விவரித்த ஒரு அரிய நோய்க்கு, 1994-இல் ரிச்சர்ட் லிஃப்டனின் குழு மரபணுவையே கையும் களவுமாகப் பிடித்தது. சிறுநீரகக் குழலில் சோடியத்தை உள்ளே இழுக்கும் வாய்க்கால் மூடாமல் திறந்தே நிற்பதுதான் கோளாறு. லிஃப்டனும் மற்றவர்களும் இதுபோல அழுத்தத்தை ஏற்றும் ஒற்றை மரபணு நோய்களையும், இறக்கும் நோய்களையும் அடுத்தடுத்துக் கண்டார்கள். அவை திரும்பத் திரும்பக் கொண்டுவிட்ட இடம், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும் பாதை. பிறகு 2008-இல் அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஊர் மக்களிடம் லிஃப்டன் குழு தேடியபோது, அந்தப் பாதையின் மரபணுக்களில் ஒன்றில் ஒரு பிரதி பழுதான ஆட்கள் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேல் அழுத்தம், அதாவது சீட்டில் முதலில் ஏறும் எண், மற்றவர்களைவிடச் சராசரியாக 6 பாதரச மில்லிமீட்டர் அளவுக்குக் குறைவு. ஆக, ஒற்றை மரபணுக் குடும்பங்கள் பிக்கரிங்குக்கு எதிரான சாட்சிகள் அல்ல. வலையின் பருத்த முடிச்சுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டியவர்கள் அவர்கள். கொதிப்பு உள்ள கோடிக்கணக்கானோரில் மிகப் பெரும்பாலானவர்களிடம் அப்படி ஒரு முடிச்சு அறுந்திருக்காது. நூற்றுக்கணக்கான இழைகள் கொஞ்சம் கொஞ்சம் இறுகியிருக்கும்.

இழைகளை எண்ணத் தொடங்கியது இந்த நூற்றாண்டில். முதல் முயற்சி ஏமாற்றம். 2007-இல் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் கூட்டமைப்பு ஏழு நோய்களுக்குத் தலா 2,000 நோயாளிகளின் டிஎன்ஏவை முழுக்கத் துழாவியபோது சர்க்கரை நோய்க்கும் குடல் அழற்சிக்கும் மரபணு இடங்கள் வரிசையாகக் கிடைத்தன. உயர் ரத்த அழுத்தத்துக்கு உறுதியாக ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மரபு என்பதே பொய்யோ என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு இழையின் விளைவும் அவ்வளவு மெல்லியது, 2,000 பேர் போதாது என்பதே காரணம். 2009-இல் பல்லாயிரம் பேரைச் சேர்த்தபோது முதல் இடங்கள் தெரிந்தன. 2011-இல் 2 லட்சம் பேரிடம் 29 இடங்கள். 2018-இல் 10 லட்சம் பேரைத் தாண்டியபோது எண்ணிக்கை 901. 2024 ஏப்ரலில் வந்த ஆய்வு 2,103 தனித்தனிச் சமிக்ஞைகளைக் காட்டியது. டிஎன்ஏவில் ஒரு எழுத்து மாற்றத்தால் ஏறுவது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், மரபுச் சுமை மிக அதிகமுள்ள பத்தில் ஒரு பங்கினருக்கும் மிகக் குறைந்த பத்தில் ஒரு பங்கினருக்கும் இடையில் மேல் அழுத்தத்தில் சுமார் 17 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்து நிற்கிறது. பிக்கரிங் 1954-இல் கைப்பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு சொன்னது, 70 ஆண்டுகள் கழித்து எழுத்தெழுத்தாக மெய்ப்பட்டது.

பட்டியல் வலையாகிவிடாது. 2,103 பெயர்களைத் தாளில் எழுதி வைத்தால் எது எதை இழுக்கிறது என்று தெரியாது. அதைத் தேடிய ஆய்வுகளில் முக்கியமானது, 1948-இல் 5,209 பேரோடு தொடங்கிய அதே ஃபிராமிங்காம் ஆய்விலிருந்து 2015-இல் வந்தது. டேனியல் லெவி, டியான்சியாவ் ஹுவான் குழுவினர், கொதிப்புக்கு மாத்திரை எடுக்காத 3,600-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தில் எந்தெந்த மரபணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து விழிக்கின்றன, ஒன்றாக அடங்குகின்றன என்று பார்த்தார்கள். மரபணுக்கள் கூட்டங்கூட்டமாக இயங்கின. ரத்த அழுத்தத்தோடு பிணைந்த கூட்டங்களின் நடுவில் பலவற்றை ஆட்டிவைப்பதாக எஸ்எச்2பி3 என்ற மரபணு தெரிந்தது. 2009-இன் டிஎன்ஏ துழாவலிலும் அதன் பெயர் அடிபட்டிருந்தது. கணினியில் கிடைத்த விடையோடு அவர்கள் நிற்கவில்லை. அந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளைச் சோதித்தபோது, எந்தெந்த மரபணுக்கள் கலைய வேண்டும் என்று வலை முன்கூட்டிச் சொன்னதோ அவை கணிசமாகக் கலைந்திருந்தன. இதில் வியக்க வைப்பது, எஸ்எச்2பி3-இன் முக்கிய வேலை சிறுநீரகத்திலும் இல்லை, இதயத்திலும் இல்லை. எதிர்ப்புச் சக்தி அணுக்களுக்குக் கடிவாளம் போடுவது. அழற்சிக்கும் அழுத்தத்துக்கும் உறவுண்டு என்று அமெரிக்காவில் டேவிட் ஹாரிசனின் குழு 2007-லேயே காட்டியிருந்தது. எதிர்ப்பணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் இல்லாத சுண்டெலிக்கு, அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சினைச் செலுத்தினாலும் அழுத்தம் வழக்கம்போல ஏறவில்லை. குய்ட்டன் படத்தில் விட்டுப்போன ஒரு கட்டத்தை மரபணு வலை நிரப்பியது. சிறுநீரகத்தின் பக்கத்திலும் இதே பாணியில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் சந்தோஷ் பத்மநாபன் குழு 2010-இல் யூரோமாடுலின் என்ற சிறுநீரகப் புரதத்தின் மரபணுவைக் கொதிப்போடு இணைத்தது. அந்தப் புரதம் மிகுந்தால் சிறுநீரகம் உப்பைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது என்று பின்வந்த சுண்டெலி ஆய்வுகள் காட்டின.

இவையெல்லாம் வெள்ளைக்காரர் ரத்தத்தில் கண்டவைதானே, வத்திராயிருப்புக்கு எப்படிப் பொருந்தும் என்ற மறுப்பு நியாயமானது. இந்தத் தொடரின் எந்த மறுப்பையும்விடக் கனமானது. ஐரோப்பியரிடம் பரவலாக இருக்கும் எஸ்எச்2பி3 எழுத்து மாற்றம் கிழக்கு ஆசியரிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஐரோப்பியப் பட்டியலை வைத்து நம் ஊர்க்காரருக்கு மரபு மதிப்பெண் போட்டால் அது அவ்வளவு சரியாக வராது. ஆனால் எழுத்து மாறினாலும் வலை மாறுவதில்லை. சோடியத்தை இழுக்கும் வாய்க்காலும் ரெனினும் எதிர்ப்பணுக்களின் கடிவாளமும் எல்லா மனிதரிடமும் ஒன்றே. எந்த இழை எந்த ஊரில் இறுகியிருக்கிறது என்பதே வேறுபடுகிறது. நமக்கே உரிய ஒற்றைப் பெரிய மரபணு ஒன்று ஒளிந்திருக்காதா என்று கேட்கிறவர்களுக்கு, இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடும் மதுரையிலிருந்தே ஒரு பாடம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணியும், ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும், கூட்டாளிகளோடு 2009-இல் வெளியிட்ட ஆய்வு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் காணப்படுகிறது, அது இதயச் செயலிழப்போடு தொடர்புடையது என்றார்கள். கொதிப்பு அல்ல, இதயத் தசை நோய். ஆனாலும் ஒற்றை மரபணு விளக்கத்துக்கு இதைவிட நல்ல வேட்பாளர் கிடைக்காது. 2020-இல் வந்த மறு ஆய்வு, தசை தடிக்கும் நோயைப் பொறுத்தவரை அந்த விடுபடல் தனியாக இருந்தால் ஆபத்து அதிகமில்லை, அதை ஒட்டிச் சிலரிடம் மட்டும் வரும் வேறொரு மாற்றமே காரணம் என்றது. இவ்வளவு பலமான ஒற்றை மரபணுவுக்கே துணையாள் தேவைப்பட்டது.

சொந்தத்தில் கட்டியதால்தான் இத்தனை பேருக்குப் பிரஷர் என்பதும் இந்தப் பக்கம் அடிக்கடி கேட்கும் விளக்கம். மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் வலுவாக உள்ளது. பிறவிக் கோளாறுகள் சிலவற்றுக்கு அது உண்மையான காரணம். அதில் சமாதானம் சொல்ல இடமில்லை. ஆனால் அந்தக் கோளாறுகள் வர, பழுதான பிரதி இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர வேண்டும். கொதிப்பின் இழைகளுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஒரு பிரதி வந்தாலே தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றும். 2015-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, 102 தொகுப்புகளிலிருந்து 3,50,000-க்கும் மேற்பட்டவர்களை எடுத்து, பெற்றோர் உறவின் நெருக்கம் எந்தெந்தப் பண்பைப் பாதிக்கிறது என்று கணக்கிட்டது. உயரம் பாதிக்கப்பட்டது, நுரையீரல் திறன் பாதிக்கப்பட்டது. ரத்த அழுத்தத்தில் விளைவு எதுவும் தெரியவில்லை. கொதிப்புக்கான பழியைத் திருமண வழக்கத்தின்மேல் போடுவது சான்றுக்கு எதிரானது.

எதிர்த் திசையிலிருந்து வரும் வாதமும் உண்டு: தாத்தா காலத்தில் யாருக்கு இருந்தது, எல்லாம் இப்போதைய சாப்பாடும் வேலையும் செய்வது, மரபணு பேச்செல்லாம் வீண். தாத்தா காலத்தில் அளந்தவர்கள் குறைவு என்பது முதல் பதில். ஆனால் இந்த வாதத்தில் பெரும் உண்மை இருக்கிறது. பிரேசில் காட்டில் உப்பே சேர்க்காமல் வாழும் யானோமாமி மக்களுக்கு வயது ஏறியும் அழுத்தம் ஏறுவதில்லை. 1990-இல் நீல் போல்ட்டர் குழு வெளியிட்ட ஆய்வில், கென்யாவின் மேற்குக் கிராமங்களிலிருந்து நைரோபிக்குக் குடிபெயர்ந்த லுவோ மக்களின் அழுத்தம் சில மாதங்களுக்குள்ளேயே ஊரில் தங்கியவர்களைவிட உயர்ந்துவிட்டது. அவர்கள் சிறுநீரில் சோடியம் கூடிப் பொட்டாசியம் குறைந்திருந்தது. மரபணு அப்படியே இருக்க, மாறியது இடம். ராஜபாளையம் பஞ்சாலைகளின் இரவு ஷிப்டுக்கும், திருப்பூருக்கும் சென்னைக்கும் போகும் நம் பிள்ளைகளைப் பற்றி இந்த ஆய்வு பேசுகிறது. ஆனால் அதே நகரத்துக்குப் போய், அதே மெஸ்ஸில் சாப்பிட்டு, அதே ஷிப்டு பார்த்த இருவரில் ஒருவருக்கு 150-உம் இன்னொருவருக்கு 120-உம் வருவது ஏன்? கூட்டம் மொத்தமாக ஏறுவதைச் சூழல் விளக்குகிறது. கூட்டத்துக்குள் யார் முன்னே போகிறார் என்பதை மரபு வலை விளக்குகிறது. டாலின் எலிகள் சொன்னதும் அதுவே.

கடைசியாக ஒரு கேள்வி: ஒரு மில்லிமீட்டர்கூட ஏற்றாத மரபணுவைக் கண்டு என்ன பயன்? இயற்கையில் ஒரு முடிச்சில் தற்செயலாக நேர்ந்த மாற்றம் சிறியது என்பதால், அந்த முடிச்சை மருந்தால் அழுத்தினால் விளைவும் சிறியதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ரெனின் தொடங்கிவைக்கும் ஆஞ்சியோடென்சின் பாதையின் ஒரு நொதியைத் தடுக்கும் கேப்டோபிரில், பிரேசில் பாம்பு ஒன்றின் விஷத்தைப் படித்ததிலிருந்து பிறந்து 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் வழிவந்த மாத்திரைகள் உலகெங்கும் உயிர்களைக் காக்கின்றன. வலையில் ஒரு முனையை இறுக்கினால் மறு முனை எதிர்த்து இழுக்கும் என்பதால்தான், பலருக்கு இரண்டு வகை மாத்திரை சேர்த்துத் தேவைப்படுகிறது. மாத்திரை கூடிவிட்டதே என்று நோயாளி பயப்படத் தேவையில்லை. வலை அப்படித்தான் இறங்கும். 2018-இல் பிரிட்டனின் 2,77,000 பேரிடம் நடந்த ஆய்வில், நல்ல உணவும் உடலுழைப்பும் கொண்டவர்களுக்கு மேல் அழுத்தம் 4 முதல் 5 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. மரபுச் சுமை குறைந்தவர், நடுத்தரமானவர், மிகுந்தவர் மூவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. 2021-இல் சீனாவின் 600 கிராமங்களில் முடிந்த சோதனையில், சமையல் உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றியதாலேயே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த உப்பு ஆகாது என்பதால் மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. ஆனால் கிராமத்து அடுப்படியிலேயே வலையை ஒரு முனையில் பிடிக்க முடியும் என்று அது காட்டிவிட்டது. குடும்பத்தில் கொதிப்பு ஓடுகிறது என்று தெரிந்தவர் மற்றவர்களைவிட முன்னதாகவே ஆண்டுக்கொரு முறை அளந்துகொள்ளத் தொடங்க வேண்டும். அந்தத் தகவலின் முழுப் பயனும் அங்கே இருக்கிறது.

2020-இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7 சதவீதம் அளவே. மறு ஆண்டு ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியதற்குப் பின்னணி இந்த எண். அழுத்தமானியும் மாத்திரையும் வாசலுக்கு வந்து சேர்கின்றன. வராமல் இருப்பது நம் மக்களின் மரபுப் பட்டியல். 2020-இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டம் 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த ஏறக்குறைய 10,000 பேரின் டிஎன்ஏவை முழுதாகப் படித்து, 18 கோடி மாற்றங்களைக் கண்டிருக்கிறது. ரத்த அழுத்தத்தின் இழைகளை எண்ணுவதற்கு ஐரோப்பியருக்கே 10 லட்சம் பேர் தேவைப்பட்டார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், இது தொடக்கத்தின் தொடக்கம். அதுவரை விருதுநகர் மாவட்டத்துக்காரர் ஒருவருக்குப் பணம் வாங்கிக்கொண்டு மரபு மதிப்பெண் அட்டை கொடுக்கும் எந்தச் சோதனையும், அம்மாவுக்கு இருந்ததா என்று செவிலியர் கேட்கும் கேள்வியைவிட அதிகமாகச் சொல்லிவிடாது.

மரபணு எழுத்து மாறாமலேயே, கருவில் இருக்கும்போது தாய்க்குக் கிடைத்த சாப்பாடு இந்த வலையின் இழைகளை இறுக்குமா என்ற கேள்வியை இங்கே தொடவில்லை. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையின் பழைய பிரசவப் பதிவேடுகள் அதற்குத் தந்த எதிர்பாராத விடையை அடுத்த பகுதியில் பார்ப்போம்.